கம்பி கிளம்பும் வரை

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து, "அடுப்புல பால் வெச்சிருக்கேன், ஒரு நிமிஷம் பாத்துக்கங்க" என்று என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தையின் கழுத்து, அக்குள், தொடை எல்லாம் பேபி பவுடர். அந்த வாசனைக்கு யாருக்கும் தொட்டில்தான் நினைவுக்கு வரும். எனக்கு எண்பது கிலோ இரும்பு வந்தது. அதன் பின்னால் இடுப்பில் கை வைத்து, முறைத்துக்கொண்டு, நீ வந்தாய். குழந்தையை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போல. வீல் என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டது.

அவள் வந்து வாங்கிப் போனதும் பீரோ மேலிருந்து ஜிம் பையை இறக்கினேன். நீ போன நாளிலிருந்து அதைத் தொடவில்லை. திறந்தால் உன் பவுடர் டப்பா கவிழ்ந்து, பெல்ட், துண்டு எல்லாவற்றின் மேலும் கொட்டிக் கிடந்தது. மூடியை ஒழுங்காக மூடும் பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது? திருகி முடிப்பதற்குள் உனக்கு யாருடனாவது அடுத்த சண்டை வந்துவிடும். அப்படியே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உன்னைத் திட்டினேன். பிறகு அழுதேன். அதற்கப்புறம் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதைச் சொல்ல, பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

நாம் முதலில் பேசியதே ஒரு அண்டாவால்தான். சின்னவனுக்குக் காது குத்து வைத்திருந்தோம். சமையல் பாத்திரம் வாடகைக்கு எடுக்க, கடைவீதியில் உன் அண்ணனின் பாத்திரக் கடைக்கு வந்தேன். கல்லாவில் நீ இருந்தாய். அன்றைக்கு என் முதுகு இருந்த இருப்பு உனக்குத் தெரியும். காலையில் சுவரைப் பிடிக்காமல் பாயை விட்டு எழ முடியாது. இரண்டாவது பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டு வயிற்றை அறுத்தார்கள். அந்த ஊசியோடு முதுகு போய்விட்டது என்று அத்தை சொல்வார், மணலூர்பேட்டையில் என் அம்மா சொல்வாள், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூடச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, கோர்ட்டுக்கு எதிரே எங்கள் ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை. இனிமேல் இப்படித்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

அண்டாவைக் குனிந்து இழுத்தேன். சுருக்கென்று இடுப்பில் பிடித்தது. அப்போதுதான் உன் குரலை முதலில் கேட்டேன்.

"ஏங்க, இன்னா பண்றீங்க? அண்டாவ எட்டி எட்டி இழுக்காதீங்க. கால அகட்டி நில்லுங்க. அண்டா ரெண்டு காலுக்கு நடுவுல வரட்டும். நெஞ்ச நிமித்திக்கினு எழுந்திருங்க."

ஏதோ அதட்டலுக்குப் பயந்து அப்படியே செய்தேன். அண்டா வந்துவிட்டது. வலிக்கவில்லை. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டே திருதிருவென்று நின்றேன். நீ கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "கனம் தூக்கத் தெரியாம வந்த வலிங்க இது. நம்ம ஜிம்முக்கு வாங்க" என்றாய். நான் சிரித்துவிட்டேன். ஜிம்முக்கு! கள்ளக்குறிச்சியில்! நான்!

ஆனாலும் வந்தேன். சங்கராபுரம் ரோட்டில் இருந்த அந்தக் கொட்டகையில் மதியத்தில் ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு. நாம் கேட்டுக்கொண்டபடி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாஸ்டர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே நாம் ஏழெட்டுப் பேர். அவருக்கு நம் கால்கூடத் தெரியாது. கம்பியில் மாட்டிய இரும்புத் தட்டு தரையைத் தொடுகிற சத்தத்தை வைத்தே அங்கிருந்து சொல்வார். "ஒரு பக்கம் முன்னாடி எறங்குது, யாரு அது?" என்று கேட்பார். அநேகமாக அது நானாகத்தான் இருக்கும். பின்கதவைத் திறந்து வைத்தால் தூரத்தில் கல்வராயன் மலை தெரியும். நீ ஒவ்வொரு தடவை தூக்கும் முன்பும் அந்தப் பக்கம் பார்ப்பாய். ஏன் என்று கேட்டதற்கு, "அது நவுராது. நான் தூக்குறது நவுரும். அத நெனச்சிக்குவேன்" என்றாய்.

என் முதுகு சரியாக எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. வெறும் கம்பியில் ஆரம்பித்து, சின்னத் தட்டு, பெரிய தட்டு என்று போய், ஒரு நாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பப் படுத்து இன்னொரு தடவை எழுந்து பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் என் உடம்புக்கு மருந்தாகிவிட்டது. மருந்து மட்டும் என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் அம்மாவாகவும் மருமகளாகவும் டைப் அடிக்கிறவளாகவும் இல்லாமல் நான் இருந்த ஒரே நேரம் அது.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பள அவ்ளோ கனம் தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும். அப்புறம் யாரு பாக்குறது?" என்பார். கெட்ட எண்ணம் கிடையாது. அவருடைய தங்கைக்கு அப்படி ஆகிப் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவர். அதனால்தான் அவரோடு என்னால் சண்டை போட முடியவில்லை. உன்னோடு நன்றாகப் போட முடிந்தது.

நம் சண்டை எல்லாம் ஒரே விஷயம்தான். கம்பியைத் தரையிலிருந்து தூக்கும்போது கால் எங்கே இருக்க வேண்டும்? மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது நார்மல்: பாதம் இடுப்பு அகலம், கம்பி பாதத்துக்கு நடுவே, கை காலுக்கு வெளியே. நீ தூக்கியது சுமோ: காலை நன்றாக அகட்டி, பாதத்தை வெளியே திருப்பி, முட்டியை விரித்து, கை இரண்டும் காலுக்கு உள்ளே. உன் கடையில் அண்டா தூக்குகிற மாதிரி.

"ஒனக்கு தொட நீளம், ஒடம்பு குட்டை. நார்மல்ல நின்னா குப்புற விழுற மாதிரி நிக்கிற. அகட்டி நில்லேன். முதுவு தானா நிமிரும்" என்று நீ தினமும் ஆரம்பிப்பாய்.

"சுமோ குறுக்கு வழிம்மா. கம்பி பாதி தூரம்தான் போவுது" என்று ஷட்டருக்கு வெளியிலிருந்து மாஸ்டர் குரல் கொடுப்பார்.

"சட்டத்துல இருக்கா இல்லியா, அத சொல்லுங்க."

"இருக்கு. ஆனா மொதல்ல அடிப்படை வரட்டும்."

"அவ முதுவு போனா அடிப்படைய எங்க மாட்டி வைப்பீங்க?"

நான் மாஸ்டர் பக்கம். அவர் சொல்வதுதான் முறை, மற்றது ஏமாற்று என்று உன்னிடம் வாதாடுவேன். யூடியூபில் யாரோ சொன்னதை எல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன். நீயும் உனக்குத் தோதான வேறு ஆளைத் தேடிப் பிடித்துக் காட்டுவாய். ஒருவன் பெல்ட் போடு என்பான், ஒருவன் போடாதே என்பான். ஒருவன் மூச்சைப் பிடி என்பான், ஒருவன் விடு என்பான். நாம் தூக்குகிற எடையைவிட அந்த அறிவுரைகளின் எடைதான் ஜாஸ்தி. ஆனால் என் வாதத்துக்கு அடியில் முறையும் இல்லை, மண்ணும் இல்லை. கூச்சம் இருந்தது. காலை அகட்டி நிற்க எனக்கு உடம்பு கூசும். சிறு வயதில் காலைப் பரப்பி உட்கார்ந்தால் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கு இன்றைக்கும் என் முட்டிகள் ஒட்டிக்கொள்ளும்.

அதை நீ கண்டுபிடித்த நாளில் சிரிக்கவில்லை. கோபப்பட்டாய்.

"நீ கழனிக்கு நடவுக்குப் போயிருக்கியா இல்லியா?"

"போயிருக்கேன். லீவுல."

"அங்க எப்பிடி நின்ன? கால சேத்து வெச்சிக்கினா? கழனில அகட்டுனா நாத்து, இங்க அகட்டுனா மானமா?"

அன்றைக்கு நாலைந்து தடவை உனக்காகச் சுமோவில் தூக்கிப் பார்த்தேன். கம்பி தரையிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, பயந்து விட்டுவிட்டேன். "இதுல கெளம்பத்தான் நேரம் ஆவும். கெளம்பலன்னு நெனைக்காத. கெளம்பிக்கினுதான் இருக்கு. நீ தள்ளிக்கினே இரு" என்றாய். அடுத்த தடவை கம்பி வந்தது. வெளியே மாஸ்டர், "சத்தம் மாறுது, யாரு சுமோ பண்றது?" என்றார். நான் உடனே காலைச் சேர்த்துக்கொண்டேன்.

நம்ம ஊர் தனி மாவட்டம் ஆன பிறகு மாவட்ட அளவில் போட்டி வைத்தார்கள். பெண்களுக்குத் தரையிலிருந்து கம்பி தூக்குவது மட்டும். ஜிம்மிலேயே அதிகம் தூக்கியவள் நீ. ஆனால் உனக்கு பி.பி. ஜாஸ்தி. டாக்டர் சீட்டு இல்லாமல் பேர் கொடுக்க மாட்டேன் என்றார் மாஸ்டர். சீட்டுத் தர மாட்டேன் என்றார் டாக்டர். "மாத்திரதான் போட்டுக்கினு இருக்கேனே, அப்புறம் இன்னா?" என்று இரண்டு பேரிடமும் கத்திவிட்டு வந்தாய். வந்து என் பேரைக் கொடுத்துவிட்டாய். என்னைக் கேட்காமல்.

வீட்டில் தெரிந்ததும் அத்தை கத்தவில்லை. சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "போ. ஒரு தடவ போயிட்டு வா. நானும் வந்து பாக்குறேன். ஒழுங்கா தூக்கிட்டன்னா, நான் வாயத் தெறக்க மாட்டேன். தூக்கலன்னா இதோட நிறுத்திடணும். சத்தியமா." என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் சரி என்றேன். உன்னிடம் வந்து சொன்னபோது, "எதுக்குடி சரின்ன?" என்று என் தோளில் ஒன்று வைத்தாய். வலித்தது.

கல்யாண மண்டபத்தில் போட்டி. முகூர்த்த மேடையில் பலகை போட்டு, மணமகள் அறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். யாருடைய கல்யாணத்திலோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் இன்னும் கண்ணாடியில் இருந்தன. கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் எனக்கு முன்னால் போய், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் தூக்கி வைத்துவிட்டு வந்து வாழைப்பழம் உரித்தாள்.

மூன்று வாய்ப்பு. ஒரு தடவையாவது சரியாகத் தூக்கினால்தான் கணக்கில் வரும். சொன்ன எடையை ஏற்றலாம், குறைக்க முடியாது. ஜிம்மில் இரண்டு தடவை தூக்கிய எடைதான், எண்பது, அதையே எழுதிக் கொடுத்தார் மாஸ்டர். நடுவர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு வெள்ளைக் கொடியும் ஒரு சிவப்புக் கொடியும்; இரண்டு வெள்ளை வந்தால் தூக்கியதாகக் கணக்கு.

முதல் தடவை மேடை ஏறினேன். இரண்டாவது வரிசையில் அத்தை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்ததும் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது எல்லாம் பறந்துவிட்டது. கம்பி தரையை விட்டு வேகமாக வந்தது, முட்டியில் நின்றது. முதுகு வளைவதை நானே உணர்ந்தேன். பழைய இடத்தில் சுருக்கென்றது. போட்டுவிட்டேன். மூன்றும் சிவப்பு.

இரண்டாவது தடவைக்குக் கூப்பிடும் வரை அறையில் தனியாக நின்றேன். நீயும் மாஸ்டரும் வெளியே வாதாடிக்கொண்டிருந்தது கேட்டது. கம்பி முட்டியைத் தாண்டித் தொடையில் ஏறாமல் உரசித்தான் நின்றது என்று எனக்குத் தோன்றியது. கம்பி வழுக்கி ஏறட்டும் என்று உன் பவுடர் டப்பாவை எடுத்து, என் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி உள்ளங்கையில் கொட்டி, தொடையில் நன்றாகத் தேய்த்தேன். கையைச் சட்டையில் துடைத்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடினேன்.

கம்பி முட்டியைத் தாண்டியது. உண்மையாகவே தாண்டியது. கூட்டம் கத்தத் தொடங்கிய நேரத்தில் என் விரல்களிலிருந்து அது வழுக்கி இறங்கியது. தடாலென்று விழுந்த சத்தத்தில் மேடையே ஆடியது. என் கைகளைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தன. பிடிப்புக்குப் பூசிய சாக் பொடி எது, வழுக்கலுக்குப் போட்ட பவுடர் எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் வெள்ளை. மூன்று கொடியும் மறுபடி சிவப்பு.

மணமகள் அறைக்குள் வந்து சுவரில் சாய்ந்தேன். எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம், பின்கதவு, மலை எல்லாம். முதுகில் வலி வேறு துடித்தது.

மாஸ்டர் வாசலில் நின்று நிதானமாகத்தான் சொன்னார். "ரெண்டாவதுல கை வழுக்குனதுதான். இல்லன்னா வந்திருக்கும். அதையே பண்ணு. போட்டி அன்னிக்கு புதுசா எதையும் மாத்தக் கூடாது." அது தப்பான பேச்சு இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்வேன்.

நீ அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். "சுமோ போடு."

"விடு. எனக்கு முடியாது."

"மொத தடவையே முதுவு வளைஞ்சிச்சு. நான் பாத்தேன். இன்னொரு தடவ அப்பிடி வளைஞ்சா நாளைக்கு சொவத்த புடிச்சிக்கினுதான் எழுந்திருப்ப. அகட்டி நில்லு."

"அத்தை உக்காந்திருக்காங்க. எங்க சொந்தக்காரங்க பாதி பேர் உக்காந்திருக்காங்க. இவ்ளோ பேர் முன்னாடி எப்படி..."

உன் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாய்.

"எனக்கு அந்த மேடைய ஒரே ஒரு தடவ குடுத்திருந்தா நான் இன்னா தூக்கியிருப்பேன் தெரியுமா? ஒனக்கு மூணு தடவ குடுத்திருக்காங்க. ரெண்ட நீ அத்தைக்கும் சொந்தக்காரங்களுக்கும் குடுத்துட்ட. இது ஒண்ணையாவது நீ வெச்சிக்கோயேன்."

வெளியே மைக்கில் என் பெயர். அவ்வளவுதான் நேரம். நீ என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் கழுவினாய். துண்டால் துடைத்தாய். சாக் கட்டியை என் கையில் தேய்த்தாய். "கைய மேல தூக்கு. எதையும் தொடாத." பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, என் தொடையில் நீயே பவுடர் போட்டாய். முன்பக்கம், உள்பக்கம். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, மடியில் கிடத்திய குழந்தை மாதிரி அசையாமல் நின்றேன். போட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி போட்டாய். எனக்குப் பயமாக இருந்தது. உனக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடையில் கம்பிக்கு முன்னால் நின்றேன். காலைச் சேர்த்துத்தான் நின்றேன். பிறகு இடது காலை நகர்த்தினேன். வலது காலை நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். மண்டபத்தில் சத்தம் குறைந்தது. பின்னாலிருந்து யாரோ, "டேய், தவளைடா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அப்பாவின் தொண்டைச் செருமல் எங்கிருந்தோ கேட்ட மாதிரி இருந்தது. முட்டி இரண்டும் உள்ளே வரப் பார்த்தன. அவற்றை வெளியே தள்ளினேன். குனிந்து, கையைக் காலுக்கு நடுவே விட்டுக் கம்பியைப் பிடித்தேன்.

இழுத்தேன். கம்பி நகரவில்லை.

அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. காதில் ரத்தம் அடித்தது. விட்டுவிடலாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. விட்டால் எல்லாம் முடிந்தது. மேடை ஓரத்திலிருந்து உன் குரல் மட்டும் வந்தது: "கெளம்பிக்கினுதான் இருக்கு! தள்ளு! கெளம்பிக்கினுதான் இருக்கு!" பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தரையைக் காலால் தள்ளினேன். தட்டுக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பிறகு அது முட்டிக்கு வந்தது. தொடையில் உரசாமல் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. நான் நிமிர்ந்து நின்றேன். நடுவர் கையை இறக்கிய பிறகுதான் கம்பியை இறக்கலாம்; இறக்கவே மாட்டாரோ என்று இருந்தது. இறக்கினார். கம்பியைப் பிடித்தபடியே தரைக்குக் கொண்டுபோனேன்.

ஒரு சிவப்பு. ஒரு வெள்ளை. மூன்றாவது ஆள் இரண்டு கொடியையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் வெள்ளையைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை; அதற்குள் நீ மேடையில் ஏறி என் மேல் விழுந்துவிட்டாய். உன்னைத் திட்டி இறக்கினார்கள்.

எனக்கு மெடல் இல்லை. கடைசியில் இருந்து இரண்டாவது. மாஸ்டர், "அது எப்பிடியோ தப்பி வந்துடுச்சு" என்றார். நீ சாகும் வரை அவரோடு அந்தச் சண்டையை முடிக்கவில்லை. ஆட்டோவில் அத்தை வாயைத் திறக்கவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் கேட்டார்: "அப்பிடித்தான் நிக்கணுமா?" நான் ஆமாம் என்றேன். "ம்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு நான் ஜிம்முக்குக் கிளம்பும்போது சமையலறைக்குப் போய்விடுவார்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம்கூட முழுசாக இல்லை. உன்னைக் கொண்டுவந்த அன்று உன் வீட்டு வாசலில் பெண்கள் பேசியது என் காதில் விழுந்தது. "எட தூக்கித் தூக்கி ஒடம்புல இருந்த சத்தெல்லாம் போயிடுச்சு. டாக்டரே வேணாம்னாராம், கேட்டாளா?" எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய் உன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. காய்ச்சலில் ஊரில் இன்னும் எத்தனையோ பேர் போனார்கள். அவர்களெல்லாம் இன்னா தூக்கினார்கள்?

பேச்சு பரவி, மதியத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நானும் போகவில்லை. எனக்கு அந்தப் பேச்சு காரணம் இல்லை. நீ இல்லாத இடத்தில் அந்தப் பின்கதவைத் திறக்க என்னால் முடியவில்லை. மெதுவாக முதுகு வலி திரும்ப வந்தது. இந்த வாரம் மாஸ்டர் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கே வந்து, "நீயாவது வந்தா பொம்பளைங்க நேரத்த வெச்சிருக்கேம்மா. இல்லன்னா மாசக் கடைசியோட எடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் எனக்குக் கால் எழவில்லை. முந்தாநாள் குழந்தையின் பவுடர் வாசனை வந்துதான் பையை இறக்க வைத்தது.

பையைப் பார்த்ததும் அத்தை வழிமறித்தார். "வேணாம். அவ போன மாதிரி நீயும் போயிடாத."

"அவ காய்ச்சல்ல போனா அத்த."

"தெரியும். எனக்கு தெரியாதா? தெரிஞ்சும் பயமா இருக்கு." அழுதுவிட்டார். அத்தை அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேற்று முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்று மதியம் நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கியதும், "நானும் வரேன். நீ தூக்குறத என் கண்ணால பாத்தாதான் எனக்கு மனசு நிக்கும்" என்று செருப்பைத் தேடினார்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே ஸ்டூலில் மாஸ்டர். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே யாரும் இல்லை. பின்கதவைத் திறந்தேன். மலை இருந்த இடத்தில் இருந்தது. அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் தட்டு மாட்டுவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். கையில் சாக் பூசினேன். கம்பிக்குப் போனேன். அப்போதுதான் உறைத்தது, தொடைக்குப் பவுடர் போடவில்லை. அன்றைய போட்டிக்குப் பிறகு ஒரு நாள்கூட அதை நானே போட்டதில்லை. கையை மேலே தூக்கியபடி நின்றுவிட்டேன்.

"இன்னாத்துக்கு அப்பிடி நிக்கிற?" என்றார் அத்தை.

"பவுடர் போடணும் அத்த. என் கையில படக் கூடாது. அவதான்..."

அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "எனக்கு இது ஒரு வேல" என்று முணுமுணுத்துக்கொண்டே உன் டப்பாவை எடுத்து, என் முன்னால் கஷ்டப்பட்டுக் குந்தினார். என் தொடையில் பவுடரைத் தட்டித் தட்டிப் பரப்பினார். நான் காலைச் சேர்த்துத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து அதட்டினார்.

"உள்பக்கம் படவே இல்ல. கால அகட்டி நில்லும்மா. இன்னும் நல்லா."

நின்றேன். கம்பியைப் பிடித்தேன். இழுத்தேன். அது நகரவில்லை. கிளம்பவில்லை என்று நான் நினைக்கவில்லை.